லிட்டருக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்: எரிபொருள் விலையைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எரிபொருள் விலையையும் வரியையும் முடிவு செய்யும் அமைச்சகங்களுக்கும், எண்ணெய் நிறுவனங்களின் விலைப் பிரிவுகளுக்கும், பங்க் மீட்டருக்கு முத்திரை வைக்கும் அளவியல் துறையினருக்கும்,

வணக்கம்.

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் பங்க் வரிசையில் பழைய விலையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. வயதில் மூத்த யாரைக் கேட்டாலும், முதன்முதலாக வண்டிக்கு ஊற்றிய லிட்டரின் விலையைச் சட்டென்று சொல்வார்கள். வண்டி வாங்கிய விலைகூட மறந்திருக்கும், அது மறந்திருக்காது. அந்த நினைவு பொய்யில்லை. ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதும், டேங்கையும் கார்புரேட்டரையும் கழுவுவதும், மைலேஜ் குறைந்த வண்டிக்குக் காரணம் தேடுவதும் எங்கள் தொழில். பழைய விலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. லிட்டருக்கு வாங்கும் காசில் எதற்கு எவ்வளவு போகிறது, அந்த லிட்டருக்குள் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டையும் பங்க்கிலேயே எழுதி ஒட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலில் காசுக் கணக்கு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதிக்கும் முன் கச்சா எண்ணெய் பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது. 1974 தொடக்கத்தில் அது 12 டாலரை நெருங்கியது. 1979-ல் ஈரான் புரட்சியை ஒட்டி மறுபடி ஏறியது. 1986-லும் 1998-லும் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டு, அதே ஆண்டு முடிவதற்குள் 40-க்குக் கீழே வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் மே மாதம் கச்சாவை எடுத்துக்கொள்வதற்கான ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை வைக்க இடமில்லாமல், எடுத்துப் போகச் சொல்லி விற்றவரே காசு கொடுத்த நாள் அது. 2022 மார்ச்சில், உலக விலைக்கு அளவுகோலான பிரென்ட் கச்சா 139 டாலர் வரை போனது. இந்த உலகச் சந்தையை யாரும் கையில் பிடித்து நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய்க்கு 10 டாலர் ஏறினால் லிட்டருக்கு ஏற வேண்டியது ஏறக்குறைய 6.3 சென்ட். 10 டாலர் இறங்கினால் இறங்க வேண்டியதும் அதே 6.3 சென்ட். அன்றைய நாணய மாற்று விகிதத்தால் ஒரு பெருக்கல் போட்டால் உள்ளூர்க் கணக்கு வந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற எவருக்கும் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பது தெரிந்துவிடும். ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே உண்டு. பிரிட்டனின் பெட்ரோல் விலையை வைத்து 1991-ல் வந்த ஆய்விலிருந்து பிறந்த பெயர் அது. விலையை ஏன் உடனே இறக்கவில்லை என்று கேட்டால், பழைய விலைக்கு வாங்கிய சரக்கு இன்னும் டேங்கில் இருக்கிறது என்று பதில் வருகிறது. ஏற்றுகிற அன்றும் பழைய விலைக்கு வாங்கிய சரக்குதானே டேங்கில் இருந்தது?

கச்சாவுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே சுத்திகரிப்பு வரம்பு என்று ஒன்று இருக்கிறது: கச்சாவின் விலைக்கும் ஆலையிலிருந்து வரும் பெட்ரோலின் விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. அதைப் பற்றிப் பொதுமக்களிடம் யாரும் பேசுவதில்லை. 2022-ல் கச்சா 2008-ன் உச்சத்தைத் தொடவே இல்லை. அப்படியிருந்தும் பல நாடுகளில் பங்க் விலை 2008-ஐத் தாண்டியது. ஆலைகளின் கொள்ளளவு போதாமல் அந்த வரம்பு விரிந்தது ஒரு காரணம். நாணய மதிப்பும் வரியும் மற்றக் காரணங்கள். இதில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் "உலகச் சந்தை" என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறீர்கள்.

வரி விஷயத்திலும் இதே மூடல்தான். லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக வைக்கும் வரி ஒரு வகை, விலையில் இத்தனை சதவீதம் என்று வைப்பது இன்னொரு வகை. அடக்க விலை 60 என்றும் வரி 30 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். வரி 18. அடக்கம் 90 ஆனால் வரி தானாகவே 27 ஆகிறது. எந்தச் சபையிலும் வரி உயர்த்தப்படவில்லை, எந்த அறிவிப்பும் வரவில்லை, ஆனால் ஒவ்வொரு லிட்டரிலும் 9 கூடுதலாகப் போகிறது. சதவீத வரி தவறு என்று சொல்ல வரவில்லை, சாலைக்கும் மருத்துவமனைக்கும் காசு வேண்டும். அந்த 9-ஐ ரசீதில் தனியாக அச்சடியுங்கள், போதும்.

பழைய விலையோடு ஒப்பிடும்போது இன்னொரு அளவுகோலையும் நீங்களே வெளியிடலாம். ஒரு மணி நேரக் கூலிக்கு எத்தனை லிட்டர் கிடைத்தது, இன்று எத்தனை லிட்டர் கிடைக்கிறது? பணவீக்கம், மாற்று விகிதம் என்று எதைச் சொன்னாலும் கூலிக்காரரின் கணக்கு இதுதான். இந்தக் கணக்கில் சில காலங்களில் பெட்ரோல் மலிவாகியிருக்கவும் கூடும். அப்படி இருந்தால் அதையும் தயங்காமல் போடுங்கள்.

இனி லிட்டருக்குள் இருப்பது. இங்கே பழைய நினைவு மலிவு விலையைப் பிடித்துக்கொண்டு சரக்கை மறந்துவிடுகிறது. அன்றைய பெட்ரோலும் இன்றைய பெட்ரோலும் ஒரே பொருள் அல்ல. 1920-களிலிருந்து எஞ்சின் நாக்கிங்கை, அதாவது எரிபொருள் உள்ளே தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவதைத் தடுக்க டெட்ரா எத்தில் ஈயம் கலந்தார்கள். நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணை ஏற்ற அதைவிட மலிவான வழி வேறு இருக்கவில்லை. குழந்தைகளின் மூளையையும் இரத்தத்தையும் அது கெடுத்த செலவு பங்க் விலையில் ஏறவில்லை, அவ்வளவுதான். கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்திய பிறகு, 2021 ஆகஸ்டில்தான் ஈய பெட்ரோல் உலகச் சாலைகளிலிருந்து ஒழிந்ததாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அறிவித்தது. கந்தகமும் அப்படியே. பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குவரை இருந்ததை இன்றைய கடுமையான தரங்கள் பத்து பங்குக்கு இறக்கியிருக்கின்றன. கந்தகத்தைப் பிரிக்க ஹைட்ரஜன் வேண்டும், உயர் அழுத்தக் கலன் வேண்டும், அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவு நியாயமானது. அது எவ்வளவு என்று சொன்னால் மக்கள் கொடுப்பார்கள்.

எத்தனால் விஷயத்தில்தான் எங்களுக்கு உண்மையான மனக்குறை. எத்தனால் கெட்ட பொருள் அல்ல. அதன் ஆக்டேன் எண் 108 அளவில் இருக்கிறது, ஈயம் செய்த வேலையை நஞ்சில்லாமல் செய்கிறது. ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் என்றால், ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான். 10 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 3.4 சதவீத ஆற்றல் குறையும். 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 7 சதவீதம். கூடுதல் ஆக்டேனுக்கு ஏற்றபடி கம்ப்ரஷனைக் கூட்டி வடிவமைத்த புதிய எஞ்சின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். ஏற்கெனவே சாலையில் ஓடுகிற எஞ்சின் மீட்காது. விலைப்பலகையில் ஒரு பைசா மாறாமலே 7 சதவீத விலையேற்றம் நடக்கும் வழி இது. வண்டிக்காரர் மைலேஜ் குறைந்துவிட்டது என்று பட்டறைக்கு வருகிறார். பிளக்கை மாற்றி, ஃபில்டரை மாற்றி, எதிலும் கோளாறு இல்லாமல் காசு மட்டும் செலவாகிறது.

கலப்பு விகிதத்தை நாசிலிலேயே எழுதினால் இது நடக்காது. இப்போது நாங்களே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கோடு போட்ட 100 மில்லி கண்ணாடி உருளையில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி, ஒருமுறை மூடியைத் தளர்த்தி ஆவியை விட்டு, கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 10-லிருந்து 19-க்கு ஏறியிருந்தால் 90 மில்லியில் 9 மில்லி எத்தனால், அதாவது 10 சதவீதம். பக்கத்தில் நெருப்போ வெல்டிங்கோ இருக்கக் கூடாது. தோராயமான சோதனைதான், ஆனால் 10-ஐயும் 20-ஐயும் பிரித்துக் காட்டிவிடும்.

இதே காரியம் வண்டி டேங்கிலும் நிலத்தடித் தொட்டியிலும் தானாக நடக்கும்போதுதான் வில்லங்கம். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மிதமான வெப்பத்தில் அரை சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். 10 லிட்டர் டேங்கில் அது 50 மில்லி. அதற்கு மேல் ஒரு மூடி தண்ணீர் சேர்ந்தாலும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர்ந்தால் இன்னும் சீக்கிரம். எரிபொருளை உறிஞ்சுவது அடியிலிருந்துதான். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, மேலே மிச்சமிருக்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நாக்கிங் கொடுக்கும். எத்தனால் கலப்பைக் கூட்டும் எவரும் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டைத் தினமும் அளவுக்கோலில் தடவிப் பார்க்கும் கட்டாயத்தையும் கூட்ட வேண்டும். மழை பெய்த மறுநாள் காலை அது தவறவே கூடாது.

கார்புரேட்டர் வண்டிகளின் பாடு வேறு. பெட்ரோல் முழுதாக எரிய வேண்டிய காற்று விகிதம் எடையில் 14.7-க்கு 1. 20 சதவீத எத்தனால் கலவைக்கு அது 13.5 அளவில். இஞ்செக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு கூடுதலாகத் தெளிக்கச் சொல்லும், ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம், அதாவது கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பிளஸ் பக்கம் நகர்ந்து நிற்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் துளையான ஜெட்டுக்குக் கண் கிடையாது. அதே அளவுதான் விடும். கலவையில் எரிபொருளின் பங்கு குறைந்துபோய், ஐடிலிங் சீராக நிலைக்காமல், ஏற்றத்தில் இழுவை குறைந்து, எஞ்சின் சூடேறும். சாதாரண ரப்பர் குழாயும் ஃப்ளோட் கிண்ணத்து ஓ-ரிங்கும் ஊதிப்போகும். வண்டியை நிறுத்தியே வைத்தால் கிண்ணத்தின் அலுமினியத்தில் வெண்பூச்சு படிந்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பைலட் ஜெட் துளையை அடைக்கும். அவசரத்தில் கம்பியை விட்டுக் குத்துகிறார்கள். துளை பெரிதாகி, அன்றிலிருந்து அந்த வண்டி கூடுதலாகக் குடிக்கத் தொடங்கும். கிளீனர் தெளித்து ஊறவைத்து, காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். குழாயும் ஓ-ரிங்கும் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பரில் வாங்கிப் போட வேண்டும். இந்த உதிரிகளின் விலையையும் கலப்புக் கொள்கையின் செலவில் சேர்த்து எழுதுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலோ குறைந்த கலப்போ பழைய வண்டிகளுக்காக ஒரு நாசிலிலாவது இருக்கட்டும்.

அடுத்து அளவு. சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் வரையறைப்படி பங்க் மீட்டரின் பிழை 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி. அளவுக் கலத்தை வைத்துச் சோதிக்கச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு இருக்கும் இடங்களிலும் அந்தச் சோதனையைச் சரியாகச் செய்வதில்லை. காய்ந்த கலத்தில் நேராக ஊற்றினால் உட்சுவரில் ஒட்டுவது கணக்கில் வராமல், மீட்டர் குறைவாகக் கொடுத்ததுபோல் தோன்றும். ஒருமுறை நிரப்பிக் கவிழ்த்து, 30 நொடி வடியவிட்டு, பிறகு மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். நுரை அடங்கிய பிறகு, கழுத்துக் கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். இதைப் படங்களோடு ஒவ்வொரு பங்க்கிலும் ஒட்டுங்கள். சண்டைகள் பாதி குறையும்.

சிறிய அளவில் வாங்குபவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீட்டர் தகட்டில் குறைந்தபட்ச அளவு என்று 2 லிட்டர் அல்லது 5 லிட்டர் பொறித்திருக்கும். 0.5 சதவீத உத்தரவாதம் அதற்கு மேல்தான். குழாய் விரிந்து சுருங்குவதாலும் நாசில் சொட்டாலும் வரும் பிழை சில மில்லிதான், ஆனால் அரை லிட்டர் வாங்குகிறவருக்கு அதுவே பெரிய சதவீதம். விலை ஏற ஏற மக்கள் குறைந்த அளவாக வாங்குகிறார்கள். அதாவது விலையேற்றம் யாரை அதிகம் அழுத்துகிறதோ, அவரை அளவு உத்தரவாதத்துக்கு வெளியே தள்ளுகிறது. அந்தத் தகட்டு எண்ணை விரல் நகம் அளவில் ஒளித்து வைக்காமல் பெரிதாக எழுதுங்கள். சில்லறை வாங்கும் பம்ப்புகளுக்குக் குறைந்த அளவிலும் சோதனை நடத்துங்கள்.

வெப்பத்தால் பெட்ரோல் விரிகிறது, டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 டிகிரியில் 1000 லிட்டராக இருப்பது 30 டிகிரியில் 1015 லிட்டர். மொத்த வியாபாரத்தில் இதைத் திருத்திக் கணக்கிடுவது வழக்கம், சில்லறையில் பெரும்பாலான நாடுகளில் இல்லை. கனடாவில் பங்க் மீட்டரே திருத்திக் கொடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது? அதிகாலையில் போட்டால் லாபம் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்: நிலத்தடித் தொட்டியின் வெப்பம் ஒரு நாளுக்குள் பெரிதாக மாறாது, அதனால் அதில் கிடைப்பது ஒன்றுமில்லை.

கலப்படத்துக்கு வருவோம். பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் லிட்டருக்கு 720 கிராமிலிருந்து 775 கிராமுக்குள் இருக்கலாம் என்பது பரவலான தரம். 740 கிராம் பெட்ரோலில் 800 கிராம் மண்ணெண்ணெயை 10 சதவீதம் ஊற்றினால் 746 ஆகும். வரம்புக்குள்தான் இருக்கிறது, தேர்ச்சி பெற்றுவிடும். எஞ்சினிலோ ஆக்டேன் விழுந்து நாக்கிங் வரும், பிளக்கில் கரி படியும், எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். டேங்கர் கிளம்பியபோது எழுதிய அடர்த்தியோடு ஒப்பிட்டால் மட்டுமே அந்த 6 கிராம் காட்டிக்கொடுக்கும். ஆகவே அன்றைய சரக்கின் அடர்த்தியைப் பலகையில் எழுதுவது சடங்கல்ல. எழுதாத பங்க்கில் விற்பனையை நிறுத்துங்கள்.

விலை ஏறும்போதெல்லாம் சிக்கனமாக ஓட்டுங்கள் என்று துண்டறிக்கை வருகிறது. சொல்வதைச் சரியாகச் சொல்லுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்வது தவறு. இஞ்செக்ஷன் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் தெளிப்பே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால் ஐடிலிங்குக்கான பெட்ரோல் எரியும். பிரேக்கும் கைவிட்டுப் போகலாம். ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் போகும் என்பது கார்புரேட்டருக்குப் பொருந்தும், கணினி கட்டுப்படுத்தும் எஞ்சினில் பெரும்பாலும் இழுவைதான் குறையும். டயர்களில் காற்றழுத்தம் சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 80-ல் போவதற்கும் 100-ல் போவதற்கும் காற்றெதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபடும். நின்ற இடத்தில் ஓடும் கார் மணிக்கு 1 முதல் 2 லிட்டர் குடிக்கும். திடீரென்று மைலேஜ் விழுந்தால், ஓட்டிவந்து நிறுத்தியவுடன் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பமுள் நடுவுக்கு வரவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும், எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கணினி கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜைக் கூட்டும் மாத்திரை, காந்தம் என்று விற்பவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்ததில் மிகச் சிலவே ஏதோ கொஞ்சம் பலன் தந்தன.

நாளை விலை ஏறும் என்று முந்தின இரவு செய்தி கசிவதால் கேன்களோடு ஓடுகிறார்கள். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமாகி வீட்டுத் தரையில் தவழும். தினசரி சிறு மாற்றமாக விலையை நகர்த்தினால் இந்த ஓட்டம் நிற்கும்.

நாங்கள் கேட்கும் பலகை ஒரு கதவு அளவுகூட இருக்காது. அதில் எழுத வேண்டியவை: இன்றைய கச்சா விலையும் மாற்று விகிதமும், சுத்திகரிப்பு வரம்பு, போக்குவரத்துச் செலவும் விற்பனையாளர் கமிஷனும், ஒவ்வொரு வரியும் தனித்தனியாக, எத்தனால் சதவீதம், ஆக்டேன் எண், சரக்கு வந்த தேதியும் அடர்த்தியும், மீட்டர் கடைசியாகச் சோதித்த தேதியும் அதில் கண்ட பிழை எத்தனை மில்லி என்பதும். இந்த எண்கள் எல்லாம் இன்றே உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. அடுத்த விலை மாற்றத்தை அறிவிக்கும் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்தாலே போதும், பங்க்காரர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறைத் தொழிலாளர்கள்